நுனி கிள்ளிய நாற்றில் இலை எங்கிருந்து வளர்கிறது?

கேள்வி: நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளித்தான் நடுகிறோம். ஆனாலும் குருத்து இலை நீண்டுகொண்டே வருகிறது. நுனியே இல்லாமல் இலை வளர்வது எப்படி? இலையின் அளவை மரபணுதான் தீர்மானிக்கிறது என்கிறார்கள். அந்த மரபணு இலையில் எங்கே இருக்கிறது? யூரியா கரைசல் தெளித்தால் இலை அகலமாகுமா?
– காவிரிப் படுகை விவசாயி ஒருவர்

பதில்: ஐயா, நெல் இலை நுனியில் வளர்வதில்லை, அடியில்தான் வளர்கிறது. ஒரு நாற்றைப் பிடுங்கி இலையுறைகளை ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தால், நடுவே வெளிறிய, நகம் பட்டாலே நசுங்கும் குருத்து இருக்கும். அதன் அடியில் செல்கள் பிரிகின்றன, சற்று மேலே நீள்கின்றன. உறையைவிட்டு வெளிவந்து பச்சை பிடித்த பகுதியில் இவ்விரண்டும் நின்றுபோகின்றன. வெளிவந்துகொண்டிருக்கும் இலையில் மையால் இரண்டு புள்ளிகள் வைத்து நான்கு நாள் கழித்து அளந்து பாருங்கள். புள்ளிகள் மேலே ஏறியிருக்கும், இடைவெளி மாறியிருக்காது. நீங்கள் கிள்ளிய நுனியும் திரும்ப முளைப்பதில்லை. வெட்டுண்ட மொட்டை முனைதான் மேலே தள்ளப்படுகிறது.

மரபணு எங்கே இருக்கிறது என்றால், வேர் உட்பட எல்லாச் செல்லிலும் இருக்கிறது. எது எந்தத் திசுவில், எப்போது இயங்குகிறது என்பதில்தான் விஷயம். தண்டு நுனியின் வளர்திசுவில் இயங்கும் ஓஎஸ்எச்-1 என்னும் மரபணு, இலை அரும்பப்போகும் இடத்தில் மட்டும் அடங்கிவிடுகிறது. அரும்பின் நடுப்பகுதியில் வேறொரு மரபணு இயங்கி நடுநரம்பை உருவாக்குகிறது. அது பழுதானால் நடுநரம்பு அமையாமல் இலை துவண்டு தொங்கும். வளர்ச்சியை முறைப்படுத்தும் ஜிஆர்எஃப் குடும்ப மரபணுக்கள் நெல்லில் 12 உள்ளன. இவை பொதுவாகப் பிரியும் இளந்திசுவில் மிகுதியாகவும் முதிர்ந்த இலையில் குறைவாகவும் இயங்குகின்றன.

அகலத்துக்கு முக்கியமானது என்ஏஎல்-1. இது நரம்புத் திசுக்களில் மிகுதியாக இயங்குகிறது. பழுதுபட்டால் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கடத்தப்படுவது குறைந்து, நரம்புகளும் குறைந்து, இலை ஒடுங்கி, பயிரும் குட்டையாகிவிடும். இந்தோனேசியாவின் தரிங்கன் என்ற நாட்டு நெல்லிலிருந்த இதன் மாற்று வடிவத்தை ஐஆர் 64 ரகத்துக்குக் கொண்டுவந்தபோது, கதிருக்கு அடியில் வரும் கடைசி இலையான கண்ணாடி இலை அகன்றதோடு கதிரில் மணிகளும் கூடின என்று 2013-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

ஆகவே, வெளிவந்துவிட்ட இலையில் யூரியா தெளித்தால் பச்சை கூடலாம், அகலம் கூடாது. யூரியாவிலுள்ள தழைச்சத்து வேலை செய்வது உறைக்குள் ஒளிந்திருக்கும் அடுத்த மூன்று நான்கு இலைகளில்தான். தூர் கட்டும் பருவத்தில் நான்கைந்து நாளுக்கு ஓர் இலை வருவதால், இன்று இடும் மேலுரத்தின் முழுப் பலன் இரண்டு வாரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். இலை அகன்றால் நல்லது என்ற எண்ணத்தையும் நான் ஏற்கமாட்டேன். உரம் மிகுந்து சாய்ந்து தொங்கும் இலைகள் கீழிலைகளுக்கு நிழலாகும், இலைச்சுருட்டுப் புழுவையும் கூட்டிவரும்.

நுனி கிள்ளுவது இலை வளர்வதற்காக அன்று, அங்கே இடப்பட்ட தண்டுத்துளைப்பான் பூச்சியின் முட்டைக் குவியலை அகற்றுவதற்காக. உங்கள் பகுதியில் பாக்டீரியா இலைக்கருகல் நோய் வந்திருந்தால் கிள்ளவே வேண்டாம். வெட்டுக்காயத்தின் வழியே கிருமி எளிதாக நுழையும். அப்படிப்பட்ட வயலுக்கு, நாற்றுப் பறிக்கும்போதே முட்டைக் குவியல் தென்படும் நாற்றுகளை மட்டும் ஒதுக்கி அழித்துவிட்டு, மற்றவற்றை முழு இலையோடு நடுங்கள்.