மொய் நோட்டு இருக்க, பரிசுப் பட்டியல் எதற்கு?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, வருகிற தையில் பாளையங்கோட்டையில் என் மகள் கல்யாணம். அவளும் மாப்பிள்ளையும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். வீட்டுக்கு வேண்டிய சாமான்களை இணையத்தில் பட்டியல் போட்டு, அந்த லிங்கைப் பத்திரிகையிலேயே அச்சடிக்க வேண்டும் என்கிறாள். “கல்யாணத்துக்குக் கூப்பிடுதோமா, வசூலுக்குப் போறோமா?” என்று என் மாமியார் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இவரோ, இருபத்தைந்து வருஷமாக ஊர் ஊராகப் போய்ச் செய்த மொய், செய்முறை எல்லாம் திரும்பி வராமல் போய்விடுமோ என்று பழைய நோட்டைப் புரட்டுகிறார். நான் யார் பக்கம் பேசுவது?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பத்திரிகை விஷயத்தில் உங்கள் மாமியார் பக்கம் பேசுங்கள். லிங்கும் வேண்டாம், க்யூஆர் கோடும் வேண்டாம். குலதெய்வத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நீட்டுகிற தாள் அது. அமெரிக்காவில், சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடை 1924-இல் இப்படிப் பட்டியல் வைக்கத் தொடங்கியது. அந்த ஊரிலேயே அழைப்பிதழில் பட்டியலைக் குறிப்பிடுவதை மரியாதைக் குறைவு என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் பட்டியலே கூடாது என்றால் நான் உங்கள் மகள் பக்கம். என் கல்யாணத்துக்கு ஒன்பது சுவர்க்கடிகாரம் வந்தது. குக்கர் ஒன்றுகூட இல்லை. ‘அது வேற யாராவது கொடுத்திருப்பாக’ என்று எல்லாருமே நினைத்துவிட்டார்கள். எவர்சில்வர் குடம் நாலு வந்தது, நாலிலும் பேர் வெட்டியிருந்தது. பேர் வெட்டிய பாத்திரத்தை எந்தக் கடைக்காரர் மாற்றித் தருவார்?

நெருங்கிய சொந்தம் நம்மிடம் கேட்காமலா இருக்கிறது? “பிள்ளைக்கு என்ன செய்யட்டும்?” என்று சித்தியும் மதினியும் போன் போட்டுக் கேட்பார்கள். நாம் “ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்தாலே போதும்” என்போம். அவர்கள் கடிகாரத்தோடு வருவார்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில்தான் இந்தப் பட்டியல். அதனால் கேட்டவர்களுக்கு மட்டும் வாட்ஸப்பில் அனுப்புங்கள். கேட்காதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படவே வேண்டாம். செய்முறை வேறு கணக்கு. அவர் 501 எழுதிய வீட்டிலிருந்து 501-ஓ கூடவோ மண்டபத்து மேஜைக்கு வந்துதான் தீரும்; அதை மிக்ஸியாக மாற்றித் தரச் சொன்னால் அந்த வீட்டு நோட்டில் கணக்கு இடிக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கல்யாணத்துக்காக மணமக்களுக்கு வருகிற பரிசுக்குத்தான் வருமான வரி கிடையாது, பெற்றோர் பெயரில் வாங்குகிற பணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நோட்டின் தலைப்பில் மணமக்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

பட்டியல் போடும்போது பாதிக்கு மேல் 1,500 ரூபாய்க்குள் இருக்கட்டும். தோசைக்கல், ஹாட்பாக்ஸ், போர்வை, இஸ்திரிப் பெட்டி மாதிரி. விலை உயர்ந்ததாகவே போட்டுவிட்டால், பார்க்கிற சித்தப்பாவுக்குச் சங்கடம். வாஷிங் மெஷினை அத்தான், மச்சான் என்று நாலைந்து பேர் சேர்ந்து வாங்கட்டும். டெலிவரி முகவரி பெங்களூர் வீடாக இருக்கட்டும், ஆள் இருக்கிற தேதியாகப் பார்த்து. பாளையங்கோட்டைக்கு வரவழைத்துவிட்டு, மறுவீட்டுச் சொதியைச் சாப்பிட்ட கையோடு அட்டைப்பெட்டி கட்டுகிற கொடுமை வேண்டாம். வந்த பெட்டியை அன்றைக்கே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருளைத் திருப்பி அனுப்ப அநேகமாகச் சில நாள்தான் தருவார்கள்.

இதில் பெரிய தொல்லை வேறு. இணையத்தில் வாங்கினால் அந்தப் பொருள் தானாகவே ‘வாங்கியாச்சு’ என்று மாறிவிடும். உங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பட்டியலைப் பார்த்துவிட்டு, டவுன் ரத வீதிக் கடையில் போய் வாங்குவார்கள். அது இணையத்துக்கு எப்படித் தெரியும்? வீட்டில் விவரமான ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்குங்கள். யார் வாங்கினாலும் அவளுக்கு ஒரு போன். அவள் உடனே அந்தப் பொருளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். பேர் வெட்டுவதற்கு முன்னால் அந்த போன் வந்துவிட்டால் இன்னும் நல்லது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இந்தப் பட்டியலில் கை வைக்கக் கூடாது. அவர்கள் ஒரு பைக்கைச் சேர்த்தால் அதற்குப் பெயர் வரதட்சணை. கேட்காமல் வருகிற பரிசுக்குக்கூட, 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகள் ஒரு பட்டியல் கேட்கின்றன: என்ன பொருள், தோராயமாக என்ன மதிப்பு, யார் தந்தது, சொந்தம் என்றால் என்ன முறை. பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் செய்வதில்லை. உங்கள் மகள் எப்படியும் பட்டியல் வைத்திருக்கப் போகிறாள். வந்த பொருள்களைப் பார்த்து மீதியையும் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. நாளைக்கு அந்தந்த வீட்டு விசேஷத்துக்குத் திரும்பச் செய்யவும் அதுவே உதவும்.

பத்தமடைப் பாயை இணையத்தில் தேட வேண்டாம். மணமக்கள் பெயர் போட்ட பட்டுப்பாய் வேண்டுமென்றால், ஆசைப்படுகிற சொந்தக்காரரை நேரே பத்தமடைக்கே போய் இப்போதே சொல்லிவைக்கச் சொல்லுங்கள். நயமான பாய் நெய்ய வாரக்கணக்கில் ஆகும். பெயரைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் ‘ன’வும் ‘ண’வும் மாறிவிடும், அப்புறம் பிரித்து நெய்ய முடியாது.

தாய்மாமன் சீர், அத்தை முறை என்று வருகிறவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது அவர்கள் உரிமை. குத்துவிளக்கும் வேண்டாம். அதை உங்கள் மாமியார் எப்போதோ வாங்கிப் பரணில் வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.