கணக்கு டீச்சர் கொடுத்த இரண்டு பக்க விதிமுறைக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகள் புதுச்சேரி லாஸ்பேட்டையில் சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அல்ஜீப்ரா ஆரம்பிக்கும் முன் கணக்கு டீச்சர் இரண்டு பக்கத்துக்கு விதிமுறை கொடுத்துப் பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். ஸ்டெப் எழுதாத விடைக்கு மார்க் இல்லை, ரப்பர், வொய்ட்னர் கூடாது, கைடு கூடாது, லேட்டாக வரும் ஹோம் வொர்க்குக்கு பூஜ்ஜியம், வகுப்பில் நடத்திய முறை தவிர வேறு முறை கூடாது. ஒன்பதாவது பிள்ளைக்கு இதெல்லாம் அதிகமில்லையா?

பதில்:

முதல் மூன்றுக்கும் யோசிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். கடைசி இரண்டைப் பற்றி ஒருநாள் சாயங்காலம் நேரில் போய் டீச்சரிடம் பேசிவிட்டு வாருங்கள். சண்டைக்கு இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள.

நான் கடலூரில் பதினாறு வருடமாக ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் கணக்கு எடுக்கிறேன். நானும் ஜூன் மாதம் இப்படி ஒரு தாள் கொடுக்கிறவள்தான். முதல் வருடம் என் தாளில் 19 விதிகள் இருந்தன. நோட்டுக்கு என்ன நிற அட்டை என்பது வரைக்கும் எழுதியிருந்தேன், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இன்றைக்கு மிச்சம் இருப்பது ஐந்துதான்.

ஸ்டெப் எழுதும் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் அதிகம் கோபப்படுவது இதற்குத்தான். "விடை சரியாத்தானே மிஸ் இருக்கு, ஏன் மார்க்கைக் குறைச்சீங்க?" எட்டாவது வரைக்கும் பிள்ளைகள் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டுப் பழகியிருப்பார்கள். 3x = 12 என்றால் பார்த்ததும் 4 என்று சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளையிடம் 3x + 7 = 5x − 9 என்று கொடுத்துப் பாருங்கள். எட்டு என்று வர வேண்டிய இடத்தில் ஒன்று, மைனஸ் எட்டு, கால் என்று வகுப்பில் நாலு விதமான விடை வரும். எழுதிய வரிகள் இருந்தால்தான் எந்த இடத்தில் சறுக்கியது என்று எனக்குத் தெரியும். வெறும் விடையைப் பார்த்து நான் என்ன சொல்ல முடியும், "தப்பு" என்பதைத் தவிர?

அந்தச் சறுக்கல் பெரும்பாலும் ஒரே மந்திரத்திலிருந்துதான் வருகிறது: "அந்தப் பக்கம் போனா குறி மாறும்." நம் ஊரில் டியூஷனிலிருந்து மாமா பையன் வரைக்கும் எல்லோரும் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். x + 3 = 12 என்பதற்கு இது சரியாக வேலை செய்யும். அதே பிள்ளை 3x = 12 என்று வரும்போது மூன்றை அந்தப் பக்கம் தள்ளி, குறியை மாற்றி, x = 12 − 3 = 9 என்று எழுதி வைக்கும். மந்திரத்தை அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, மந்திரம்தான் தப்பு. அதனால் என் வகுப்பில் தீபாவளி வரைக்கும் இந்த வாக்கியத்துக்குத் தடை. "இரண்டு பக்கமும் மூன்றைக் கழிக்கிறேன்", "இரண்டு பக்கமும் மூன்றால் வகுக்கிறேன்" என்று வலது ஓரத்தில் எழுத வேண்டும். அல்ஜீப்ரா என்ற பெயரே இந்த வேலையிலிருந்து வந்ததுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி, ஒரு பக்கம் கழிந்து நிற்கும் எண்ணை இரண்டு பக்கமும் கூட்டிச் சமன்பாட்டைச் சரிசெய்வதை 'அல்-ஜப்ர்' என்று அழைத்தார். இதை வகுப்பில் சொன்னால் பையன்கள் "அவர் காலத்துலயே டியூஷன் இருந்துச்சா மிஸ்?" என்று கேட்பார்கள்.

ரப்பர் கூடாது என்பதும் இதே காரணத்துக்குத்தான். தப்பான வரியை ஒரே கோட்டால் அடித்துவிட்டுக் கீழே சரியாக எழுதட்டும். நோட்டு அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். (a + b)² என்பதை a² + b² என்று எழுதாத ஒன்பதாம் வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. அதை அழித்துவிட்டு எழுதினால் அடுத்த வாரம் அதே தப்பு திரும்ப வரும். அடித்து வைத்து, பக்கத்தில் a = 1, b = 1 போட்டுப் பார்த்து, இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 2 என்று அவளே எழுதினால் கொஞ்சம் நிற்கும். முழுக்க நிற்கும் என்று சொல்ல மாட்டேன். பத்தாவது மாடல் தேர்விலும் ஒன்றிரண்டு பேர் எழுதத்தான் செய்கிறார்கள்.

கைடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் இருந்தால் நீங்கள் எடுத்து பீரோவில் வையுங்கள்.

உங்கள் டீச்சர் பட்டியலில் இல்லாத ஒன்று என் பட்டியலில் இருக்கிறது, அதை உங்கள் மகளுக்கு நீங்களே சொல்லலாம். வாக்கியக் கணக்கில் முதல் வரியில் "x என்பது என்ன" என்று முழுசாக எழுத வேண்டும். ஒருமுறை எங்கள் கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டை வைத்து ஒரு கணக்கு கொடுத்தேன். இரண்டு கிலோ சங்கரா, மூன்று கிலோ மத்தி சேர்த்து 1,150 ரூபாய். ஒரு கிலோ சங்கரா, இரண்டு கிலோ மத்தி சேர்த்து 650 ரூபாய். கிலோ என்ன விலை? பாதி வகுப்பு "x = சங்கரா, y = மத்தி" என்று எழுதியது. அப்படி எழுதினால் 2x என்பது இரண்டு மீனா, இரண்டு கிலோவா, ரூபாயா? "x என்பது ஒரு கிலோ சங்கராவின் விலை, ரூபாயில்" என்று எழுதிய பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோரும் 350, 150 என்று சரியாக வந்து சேர்ந்தார்கள். மீன் என்று எழுதியவர்கள் நடுவழியில் கிலோவையும் ரூபாயையும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தன் மட்டும் கணக்கே போடாமல் கையைத் தூக்கி, "மிஸ், இந்த விலைக்கு எங்கம்மா வாங்கவே மாட்டாங்க" என்றான். அவன் அம்மா மீன் வியாபாரம். அடுத்த வருடத்திலிருந்து விலையை அவனைப் போன்றவர்களிடம் கேட்டுத்தான் கணக்கு எழுதுகிறேன்.

இப்போது நீங்கள் போய்ப் பேச வேண்டிய இரண்டுக்கு வருகிறேன்.

லேட் ஹோம் வொர்க்குக்கு பூஜ்ஜியம். இது என்னிடமும் இருந்தது. போதாததற்கு நோட்டு முழுசாக இல்லை என்றாலும் மார்க் கிடையாது என்று வைத்திருந்தேன். 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரும் தென்பெண்ணையில் வந்து கடலூரில் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். உங்கள் பக்கமும் ஊரே மிதந்தது. பள்ளி திறந்ததும் நான் பெரிய மனதோடு, நனைந்த நோட்டை எழுதி முடிக்க எல்லோருக்கும் பத்து நாள் கொடுத்தேன். ஒரு பெண் எட்டாவது நாளே கொண்டுவந்து வைத்தாள். முத்து முத்தான கையெழுத்து. மூன்றாவது பக்கத்தில் ஒரு கணக்குக்குக் கீழே நீல மையில் "குறியைக் கவனி" என்று எழுதியிருந்தது. அது அவள் தோழியின் நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதியது. கணக்கு, தப்பு, நான் எழுதிய திருத்தம் எல்லாவற்றையும் வரி விடாமல் பார்த்து எழுதியிருக்கிறாள், பாவம். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நோட்டு நிறைய வேண்டும் என்று நான்தானே கேட்டேன், அவள் நிறைத்துக் கொடுத்தாள். அறுபது பக்கம் எழுதிய அந்த எட்டு நாளில் ஐந்து கணக்கு சொந்தமாகப் போட்டிருந்தால் போதுமே.

அன்றோடு அந்த விதி போனது. இப்போது லேட்டாக வந்தால், கொடுத்த பத்தில் ஏதாவது மூன்றை என் மேசைக்கு முன்னால் நின்று போட்டுக் காட்ட வேண்டும். மூன்றும் வந்தால் முழு மார்க். பூஜ்ஜியம் வாங்குவதைவிட இதற்குத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், எனக்கும் நோட்டு திருத்தும் வேலை மிச்சம்.

உங்கள் ஊரில் இது இன்னும் முக்கியம். நம் இரண்டு ஊருக்கும் நடுவில் எல்லையாக இருக்கும் முள்ளோடை தாண்டினால் கணக்கே வேறு. எங்கள் தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பத்தாவது கணக்குக்கு 100 மார்க்கும் எழுத்துத் தேர்வுதான், அக மதிப்பீடு கிடையாது. அதனால் நான் ஒன்பதாவதில் போடும் பூஜ்ஜியம் பிள்ளையின் மனசைத்தான் பாதிக்கும். சிபிஎஸ்இ பள்ளியில் 80 எழுத்து, 20 அக மதிப்பீடு. அந்த 20-ல் பிள்ளை செய்துவைத்த வேலைகளின் தொகுப்புக்கென்றே 5 உண்டு. லேட்டுக்குப் போடும் பூஜ்ஜியம் இந்த ஐந்துக்குள் போகிறதா, வெறும் எச்சரிக்கையா என்று டீச்சரிடம் நேராகக் கேளுங்கள். காய்ச்சல், மழை லீவு இரண்டுக்கும் என்ன செய்வார் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் அவரே இறங்கி வருவார். தாளில் கறாராக எழுதுவதும் நேரில் இளகுவதும் எங்கள் தொழிலின் வழக்கம்.

இரண்டாவது, வேறு முறை கூடாது என்பது. இதில் நான் பாதி டீச்சர் பக்கம். x² + 7x + 12 என்பதைக் காரணிப்படுத்த, அதாவது (x + 3)(x + 4) என்று பெருக்கலாகப் பிரித்து எழுத, டியூஷனில் ஒரு பெருக்கல் குறி போட்டு மேலே 12, கீழே 7, இரண்டு பக்கமும் 3, 4 என்று எழுதச் சொல்லித் தருகிறார்கள். கேட்டால் "மேலே பெருக்கணும், கீழே கூட்டணும்" என்பார்கள். ஏன் என்று கேட்டால் அமைதி. அந்தப் பெருக்கல் குறியை வகுப்பில் தடுக்கிற டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மகள் மீன் கணக்கு மாதிரி x, y இரண்டும் வரும் இரு மாறிச் சமன்பாட்டை நீக்கல் முறைக்குப் பதில் (ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைக் கழித்து x அல்லது y-ஐ நீக்குவது) பிரதியிடல் முறையில் (ஒன்றில் கிடைத்த x-ஐ இன்னொன்றில் போடுவது) போட்டு, ஒவ்வொரு வரியும் சரியாக இருந்து, கேள்வியும் எந்த முறை என்று குறிப்பிடவில்லை என்றால் அதற்கு மார்க் குறைப்பது நியாயமில்லை. பொதுத்தேர்வு விடைத்தாளில்கூட மாற்று முறை சரியாக இருந்தால் நாங்கள் முழு மார்க் போட்டாக வேண்டும். இந்த உதாரணத்தையே எடுத்துப் போங்கள். "முறையே கூடாதா, காரணம் சொல்லத் தெரியாத முறை கூடாதா மிஸ்?" என்று கேளுங்கள். இரண்டாவது பதில் வந்தால் அங்கேயே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் இல்லாமல் நீங்கள் மட்டும் போனால் மறுநாள் வகுப்பில் "உங்கப்பா வந்தாரே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அது அந்த வயதில் பெரிய சங்கடம்.