மும்பை கோலா: வாசகர் கேள்வி – பதில்

கோடை தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பல, தெருவோரத்தில் விற்கும் ‘பரஃப் கா கோலா’ என்னும் பனித்துருவல் உருண்டையைப் பற்றியவை. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து டோம்பிவிலிக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. சேமியா ஐஸும் பால் ஐஸும் தின்று வளர்ந்தவன் நான். வெறும் பனிக்கட்டித் துருவலில் சாயத் தண்ணீரை ஊற்றித் தருகிறார்கள். அதற்கு மும்பைக்காரர்கள் இவ்வளவு ஆசைப்படுவது ஏன்?
– ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: சேமியா ஐஸில் பாலும் சர்க்கரையும் தண்ணீரோடு சேர்ந்தே உறைந்துவிடுகின்றன. கோலாவில் உறைவது தண்ணீர் மட்டும்தான். சுவை முழுவதும் சர்பத்தாக, நீர்ம வடிவிலேயே நாக்கைத் தொடுகிறது. குளிர்ந்த நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும் என்பதால், சர்பத்தைத் திகட்டும் அளவுக்குச் சர்க்கரையிட்டுக் காய்ச்சி, அதற்கு ஈடாகப் புளிப்பையும் உப்பையும் கூட்டி வைக்கிறார்கள். தனியாக ஒரு வாய் குடிக்க முடியாத அந்தச் சர்பத், பனித்துருவலோடு சேரும்போது சரியாக அமைந்துவிடுகிறது.

துருவும் முறையிலும் விஷயம் இருக்கிறது. பனிக்கட்டியை உடைத்துப் போட்டால் சர்பத் கட்டிகளுக்கிடையே வழிந்து அடியில் தங்கிவிடும். தச்சரின் இழைப்புளி போன்ற அலகின் மேல் தேய்த்தோ, கைச்சக்கரம் கொண்ட பொறியில் சுழற்றியோ மெல்லிய செதில்களாகச் சீவும்போதுதான் அவற்றின் நுண்ணிய இடைவெளிகள் சர்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதைக் குச்சியைச் சுற்றிக் கையால் அழுத்தி உருட்டி, மேலே கறுப்பு உப்பைத் தூவி, எலுமிச்சையைப் பிழிந்து தருவார்கள். இரண்டு முறை உறிஞ்சினால் நிறம் வெளுத்துவிடும். உடனே வண்டிக்காரரிடம் நீட்டி, “பையா, தோடா ஔர்” (அண்ணா, இன்னும் கொஞ்சம்) என்று கேட்டால் மறுபடியும் சர்பத் ஊற்றுவார். இந்த இரண்டாம் ஊற்றுக்குத் தனிக் காசு கேட்கும் வழக்கம் இல்லை. சயானில் பள்ளி விட்டு வரும் வழியில் மூன்றாம் ஊற்றும் கிடைக்குமா என்று நாங்கள் தோழிகளாக நின்று பார்த்த மாலைகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

மும்பையின் கோடைக்கு இது பொருந்துவதற்குக் காரணம் இங்குள்ள காற்று. மே மாதத்தில் இந்நகரின் பகல் வெப்பம் பெரும்பாலும் 33, 34 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. தில்லியோடு ஒப்பிட்டால் அது குறைவு. ஆனால் கடற்காற்றின் ஈரம் வியர்வையைக் காய விடுவதில்லை. கசகசத்து, களைத்து, மின்தொடர் வண்டியிலிருந்து இறங்குபவருக்குக் கெட்டியான பாலினிப்பு கனமாகத் தோன்றும். புளித்து, உப்புக் கரித்து, தண்ணீராகவே கரையும் ஒன்று உடனே இறங்கும். மராத்தியில் இதை ‘கோளா’ என்றே ளகரத்தோடு சொல்வார்கள். நம் ‘கோளம்’ என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதால், பெயரளவில் அது உங்களுக்கு அந்நியமானதில்லை.

கேள்வி: கோலாவில் ஊற்றும் காலா கட்டா சர்பத் எதிலிருந்து எடுக்கப்படுகிறது? வீட்டில் செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: ‘காலா’ என்றால் கறுப்பு, ‘கட்டா’ என்றால் புளிப்பு. நல்ல காலா கட்டாவுக்கு அடிப்படை நம் நாவல் பழம். வண்டிகளில் கிடைப்பதில் பெரும்பங்கு நிறமியும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்த சர்பத்தே என்பது உண்மை. வீட்டில் செய்து பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு முதல் வாயிலேயே தெரிந்துவிடும். நாவலில் உள்ள மெல்லிய துவர்ப்பைச் சாயத்தால் தர முடியாது.

ஜூன் மாதம் மழையோடு நாவல் வரும்போது அரைக் கிலோ வாங்கிக் கழுவி, பழம் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு வேகவைத்து, கொட்டை நீங்க மசித்து வடிகட்டுங்கள். ஒரு கிண்ணம் சாற்றுக்கு ஒன்றரைக் கிண்ணம் சர்க்கரை என்ற கணக்கில் சேர்த்து, விரலில் தொட்டால் பிசுபிசுக்கும் பதம் வரை காய்ச்சினால் போதும். கம்பிப் பதம் வரை விட்டால் பனியில் பட்டதும் இறுகிவிடும். இறக்கி ஆறிய பின் எலுமிச்சைச் சாறு, கறுப்பு உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம் சேர்த்துக் கலக்குங்கள். குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிடலாம். நாவல் கிடைக்காத மாதங்களில் கொங்கணத்துக் கோகம் என்னும் புளிப்புப் பழத்தை ஊறவைத்து இதே முறையில் செய்யலாம். அதன் நிறம் கருஞ்சிவப்பு, புளிப்பு சற்றுத் தூக்கல்.

கேள்வி: ஏழு வயது மகன் தினமும் கோலா கேட்டு அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா? சளி பிடிக்கும் என்று என் மாமியார் தடுக்கிறார்.
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: சளியை உண்டாக்குவது வைரஸ் கிருமி, குளிர்ந்த பண்டம் அன்று. நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்தப் பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பதைப் பற்றி. உறைந்தால் கிருமிகள் செத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள், அது தவறு. டைபாய்டு, மஞ்சள் காமாலை போன்றவற்றைத் தரும் கிருமிகள் பனிக்கட்டிக்குள் உயிரோடு இருக்கக்கூடும். பத்து வயதில் ஒரு கோடை முழுவதும் டைபாய்டில் படுத்துக் கிடந்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மும்பை மீன்பிடி நகரம். மீனைக் காக்கவே இங்கு ஏராளமான பனிக்கட்டி உறைய வைக்கப்படுகிறது. அது குடிநீர்த் தரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அது சாறு வண்டிக்கும் கோலா வண்டிக்கும் கைமாறுவதைத் தடுக்கத்தான், உண்பதற்கல்லாத பனிக்கட்டியில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-ல் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. ஆகவே வண்டியில் சாக்கை விலக்கிப் பாருங்கள்; கட்டியில் நீலம் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். நிறமற்ற கட்டியாக இருந்தாலும், எங்கிருந்து வாங்குகிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள். நேர்மையான விற்பனையாளர் அதற்குக் கோபப்படமாட்டார். தொட்டால் நாள்கணக்கில் விரலில் ஒட்டும் ரோஜா நிறச் சர்பத்தையும் தவிர்க்கலாம். பஞ்சுமிட்டாயில் உண்ணத் தகாத ரோடமின்–பி சாயம் கண்டறியப்பட்டதால் தமிழ்நாடு 2024-ல் அதன் விற்பனையையே தடை செய்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

தினமும் வேண்டாம், நம்பகமான இடத்தில் எப்போதாவது ஒன்று வாங்கித் தாருங்கள்.

கேள்வி: குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பம்பாயில் பனிக்கட்டி எங்கிருந்து கிடைத்தது?
– ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: அமெரிக்காவிலிருந்து. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் அப்பகுதி ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833-ல் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் கரைந்தது போக, ஏற்றியதில் பாதிக்கும் மேல் வந்து சேர்ந்தது. அடுத்து பம்பாய்க்கும் சென்னைக்கும் வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். பின்னர் இங்கேயே ஆலைகளில் பனிக்கட்டி உறைய வைக்கத் தொடங்கியதும் அந்த வாணிபம் நின்றது. சீமான்களின் விருந்து மேசையில் இருந்த பனி தள்ளுவண்டிக்கு இறங்கியது இந்த ஆலைகளால்தான்.

கேள்வி: வீட்டில் ஐஸைத் துருவிப் பிடித்தால் உருண்டையாக நிற்காமல் மணல்போல் உதிர்கிறது. எங்கே தவறு?
– ஒரு வாசகி, தாராவி

பதில்: உங்கள் பனிக்கட்டி அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது. உறைபெட்டியிலிருந்து நேராக எடுத்த கட்டி ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரியில் காய்ந்து இருப்பதால், அதன் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. வண்டிக்காரரின் கட்டியோ சாக்குக்குள் கசிந்தபடி பூஜ்ஜிய டிகிரியில் ஈரமாக இருக்கிறது. அழுத்தும்போது அந்த ஈரம் செதில்களுக்கிடையே மறுபடி உறைந்து அவற்றைப் பிணைத்துவிடுகிறது. ஆகவே கொதிக்கவைத்து ஆற்றிய நீரை எவர்சில்வர் டம்ளரில் உறைய வைத்து, எடுத்து, மேற்பரப்பு பளபளவென்று ஈரம் கோக்கும் வரை வெளியே வைத்திருங்கள். பிறகு மிக்ஸியில் போடாமல், துருவியின் பெரிய கண்களில் துருவி, குச்சியை நடுவில் வைத்து இரு கைகளாலும் இறுகப் பிடியுங்கள். வெறுங்கையின் சூடு கரைத்துவிடுகிறது என்றால் ஒரு சிறு கிண்ணத்துக்குள் வைத்து அழுத்தலாம். சர்பத்தை மட்டும் முன்கூட்டியே நன்றாகக் குளிரவைத்துவிடுங்கள்; அறைச் சூட்டில் உள்ள சர்பத், ஊற்றிய நொடியிலேயே உருண்டையைக் குழியாக்கிவிடும்.