பங்களா கொட்டகையில கெடந்த போட்

போன மாசம் ஒருத்தர் பழைய பைபர்கிளாஸ் போட் ஒன்ன வீட்டுலயே வச்சு திருத்த முடியுமான்னு கேட்டிருந்தாரு, முடியும்னு ரெண்டு வரியில பதில் போட்டேன். அந்த ரெண்டு வரிக்கு வந்த கடிதாசிய பாத்தா மலைநாட்டுல வீட்டுக்கு ஒரு போட் இருக்கும் போல. அதனால இந்த தடவ முழுக்க போட் தான், தையல் மெஷின் பத்தி கேட்டிருந்த அக்காமார் ஒரு மாசம் பொறுத்துக்கோங்க.

கேள்வி (நோர்வூட்): அண்ணே, எங்க தோட்டத்து பழைய பங்களா கொட்டகைய ஒடைக்கிறப்ப உள்ளுக்கு 14 அடி பைபர் போட் ஒன்னு கெடந்திச்சு. வெள்ளக்கார துரை காலத்து சாமான்னு சொன்னாங்க, கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். வெளிய பாக்க நல்லா தான் இருக்கு, நெறம் மட்டும் வெளுத்திருச்சு. ஆனா பின்னுக்கு மோட்டர் மாட்டுற எடத்த புடிச்சு ஆட்டுனா லேசா அசையுது. மேல ரெண்டு மெட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டிட்டா இரும்பு மாதிரி ஆயிரும்னு ஒட்டு வேலை செய்யிற எங்க பாஸ் சொல்லுறாரு. ஒட்டலாமா? போட்டுக்கு வயசு எத்தன இருக்கும்?

பதில்: ஒட்டாதீங்க தம்பி. ஒட்டுனா அசையுறது கொஞ்ச நாளைக்கு நிக்கும், பொறகு ஒரு நாள் காசல்ரீ நீர்த்தேக்கத்து நடுவுல மோட்டர் மட்டும் தனியா கழண்டு தண்ணிக்குள்ள போகும்.

மொதல்ல ஒரு விஷயத்த விளங்கிக்கோங்க. பைபர் உக்காது, அது உண்மை தான். ஆனா அந்த காலத்து பைபர் போட்டுக்குள்ள முக்காவாசி எடத்துல மரம் இருக்கு. மோட்டர் மாட்டுற பின்பலகைக்குள்ள ப்ளைவூட், தரைக்கு கீழ நீளத்துக்கு ஓடுற சட்டமும் மரம், தரையும் ப்ளைவூட், இதுக்கெல்லாம் மேல தான் பைபர ஒட்டி மூடியிருப்பாங்க. மோட்டர் போல்ட் ஓட்டை, தண்ணி வடிய வைக்கிற மூடி ஓட்டை, இதுகள அடிக்கிறப்ப உள்ள மரத்துக்கு ஒன்னும் பூசாம அப்படியே வுட்டுருவாங்க, அந்த வழியா சொட்டு சொட்டா தண்ணி எறங்கும். எறங்குன தண்ணி வெளிய வர வழியில்ல, ரெண்டு பக்கமும் பைபர் மூடியிருக்கே. அப்படி இருபது முப்பது வருஷம் ஊறுனா மரம் பீட்ரூட் சம்பல் மாதிரி ஆயிரும், வெளிய பாத்தா ஜம்முன்னு இருக்கும். உங்க போட் அந்த ரகம் தான்னு நெனைக்கிறேன்.

சந்தேகமா இருந்தா சின்ன சுத்தியலோட கைப்புடியால பின்பலகைய எடத்துக்கு எடம் தட்டிப் பாருங்க. நல்ல எடத்துல டக் டக்னு கேக்கும், உக்குன எடத்துல தொப் தொப்னு கேக்கும். அதுக்கும் நம்பிக்கை வரலேன்னா உள்பக்கமா இருந்து 5 மில்லிமீட்டர் ட்ரில்லால கீழ்ப்பக்கம் நாலு ஓட்டை போடுங்க, மரத்தூள் வெளிர் நெறமா காஞ்சு வந்தா நல்லது, கறுத்து ஈரமா வந்தா, மண்ணு வாசம் அடிச்சா, முடிஞ்சுது கதை. வெளிப்பக்கம் ஓட்டை போடாதீங்க, அந்த தோல காப்பாத்தணும்.

காப்பாத்த வேண்டிய தோல் தான் அது, ஏன்னா பைபர் போட் புதுசா வந்த காலத்துல இந்த சாமான் எவ்வளவு தாங்கும்னு செய்யிறவங்களுக்கே சரியா தெரியாது, பயத்துல தடியா தடியா போட்டு வச்சிருக்காங்க. அதனால பழைய போட்டோட உடம்பு அனேகமா நல்லா இருக்கும். வயசு எத்தனைன்னு கேட்டிருந்தீங்க. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965ல வந்துச்சு, மவுசாகலை 1969ல, அந்த தண்ணிக்கு கீழ தான் பழைய மஸ்கெலியா டவுனே கெடக்கு. வெள்ளக்கார கம்பனி தோட்டங்கள அரசாங்கம் எடுத்தது 1975ல. துரை போட்டுன்னு சொன்னது மெய்யா இருந்தா இந்த பத்து வருஷத்துக்குள்ள வாங்குனதா இருக்கலாம், போறப்ப போட்டையும் தூக்கிட்டா போவாங்க.

இப்ப வேலை. உள்பக்க பைபர வெட்டி எடுத்து, உக்குன மரத்த உளியால சுரண்டி எடுத்து, வெளித்தோல் மட்டும் நிக்கிற மாதிரி ஆக்கணும். ஆனா அதுக்கு முந்தி போட்ட ஒழுங்கா உக்கார வைங்க. இதுல தான் நான் அடி வாங்கினேன். என்னோட மொத போட்ட ரெண்டு பழைய லொறி டயர்ல தூக்கி வச்சிட்டு, உள்ள இருந்த சட்டத்த எல்லாம் ஒரே நாள்ல வெட்டி எறிஞ்சிட்டேன். சட்டம் போனதும் அடிப்பாகம் ரெண்டு டயருக்கும் நடுவுல மெதுவா தொங்கிருச்சு, கண்ணுக்கு தெரியல, நானும் அப்படியே புது சட்டத்த வச்சு ஒட்டிட்டேன். அந்த போட் ஓடுறப்ப மூக்க தூக்கி தூக்கி குதிக்கும், மாட்டு வண்டி கல்லு ரோட்டுல போற மாதிரி, கடைசி வரைக்கும் அத திருத்த முடியல. அதனால அடிப்பாகத்தோட வளைவுக்கு அட்டையில அளவெடுத்து, பலகைய அதே வளைவுல வெட்டி, மூணு நாலு எடத்துல தொட்டில் மாதிரி கட்டி அதுல வைங்க. சட்டத்தையும் ஒன்னு ஒன்னா தான் மாத்தணும்.

பின்பலகைக்கு 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவூட் ரெண்டு தட்ட ஒன்னோட ஒன்னு ஒட்டி வைங்க, 36 வரும், சின்ன மோட்டருக்கு போதும், ஆனாலும் பழைய பலகையோட தடிப்ப அளந்துட்டு அதுக்கு சமனா போடுங்க. ஓரம் எல்லாம் ரெசின் (பைபர ஒட்டுற பசை) குடிக்க குடிக்க பூசுங்க, ப்ளைவூட் தண்ணி குடிக்கிறது ஓரத்தால தான். போல்ட் ஓட்டைய தேவையான அளவ விட பெருசா அடிச்சு, கெட்டியா கலக்குன எபொக்சி பசையால நெரப்பி, காஞ்ச பொறகு அதுக்கு நடுவுல சரியான அளவுக்கு திரும்ப அடிங்க. போல்ட் அப்ப மரத்த தொடவே தொடாது. இந்த ஒரு வேலைய அந்த காலத்துல செஞ்சிருந்தா நீங்க இப்ப எனக்கு கடிதாசி எழுத வேண்டி வந்திருக்காது.

உங்க பாஸ் கெட்டவர் இல்ல, அவர் தண்ணி டேங்க் ஒட்டுற கணக்குல சொல்லியிருப்பாரு.

கேள்வி (டிக்கோயா): ஜனவரியில போட் தரைக்கு பைபர் ஒட்டினேன். மூணு நாளாச்சு, இன்னும் கையில ஒட்டுது. ரெசின இறுக வைக்கிற ஹார்ட்னர் கூட கொஞ்சம் தாராளமா தான் ஊத்தினேன். சாமான் வித்த கடைக்காரர் எல்லாம் ஒரிஜினல்னு சத்தியம் பண்றாரு.

பதில்: கடைக்காரர விடுங்க, அவர் மேல தப்பில்லாம இருக்கலாம். ரெண்டு காரணம் இருக்கு, எதுன்னு நீங்க தான் பாக்கணும்.

ஒன்னு குளிர். நீர்கொழும்புல, பேருவளையில போட் செய்யிறவங்க 30 டிகிரி சூட்டுல நின்னு செய்யிறாங்க, அவங்க சொல்லுற அளவு நம்மளுக்கு சரிவராது. பொலியெஸ்டர் ரெசின் 15 டிகிரிக்கு கீழ போனா சோம்பேறி ஆயிரும், பாதியில நின்னா பொறகு வெயில் பட்டாலும் முழுசா இறுகாம போகலாம். நம்ம பக்கம் ஜனவரி ராத்திரிய உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா. காலையில பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு ரெண்டு மணிக்கு முன்ன கை கழுவிடுங்க, அப்ப தான் பனி எறங்குறதுக்குள்ள இறுகும். ரெசின் டின்ன முந்தின நாளே வீட்டுக்குள்ள எடுத்து வச்சு, காலையில இளஞ்சுடு தண்ணி வாளிக்குள்ள கொஞ்ச நேரம் வைங்க. அடுப்புக்கு பக்கத்துல கொண்டு போகவே கூடாது, அதுல இருந்து வர்ற ஆவி பத்திக்கும்.

ஹார்ட்னர் ஒரு கிலோ ரெசினுக்கு 10லருந்து 20 மில்லிலீட்டர், குளிருக்கு 20 பக்கம் போங்க, அதுக்கு மேல தாராளம் காட்டுனா நல்லா இறுகாது, நொறுங்குற மாதிரி ஆயிரும். மருந்து ஊசி சிரிஞ்சால அளந்து ஊத்துங்க, மூடியால ஊத்துற பழக்கத்த விடுங்க. இன்னொன்னு, இத கொட்டை எழுத்துல போட சொல்லியிருக்கேன்: கோபால்ட்டையும் (ரெசின் சீக்கிரம் இறுக கலக்குற மருந்து) ஹார்ட்னரையும் நேரடியா ஒன்னா கலக்காதீங்க, வெடிக்கும். கோபால்ட் மொதல்ல ரெசின்ல கலந்திருக்கணும், அதுக்கு பொறகு தான் ஹார்ட்னர். இப்ப வர்ற ரெசின் நெறைய கோபால்ட் கலந்தே தான் வருது, வாங்குறப்ப கேட்டுக்கோங்க.

ரெண்டாவது காரணம் நல்ல செய்தி. மெழுகு கலக்காத ரெசின் காத்து படுற மேல் தோல்ல ஒட்டிக்கிட்டே தான் இருக்கும், அடுத்த மெட் நல்லா புடிக்கணும்னு தான் அப்படி செய்யிறாங்க. நகத்தால அழுத்திப் பாருங்க, கீழ கல்லு மாதிரி இருந்து மேல மட்டும் பிசுபிசுன்னா ஒன்னும் ஆகல, கடைசி பூச்சுக்கு மெழுகு போட்ட ரெசின் பூசுங்க, இல்லாட்டி பூசின உடனே பொலித்தீன் ஷீட்ட காத்து இல்லாம விரிச்சு மூடிடுங்க. நகம் உள்ளுக்கு எறங்குச்சுன்னா சுரண்டி எடுத்துட்டு திரும்ப செய்யிறது தான், வேற வழி இல்ல.

கேள்வி (மஸ்கெலியா): எங்க போட் அடியில கொப்புளம் கொப்புளமா இருக்கு. ஜூன்ல லீவு இருக்கு, அப்ப செய்யலாமா?

பதில்: மஸ்கெலியாவுல ஜூன்லயா? கொப்புளத்த ஒடைச்சு, உள்ள இருக்கிற புளிச்ச தண்ணிய கழுவி, நல்லா காய வச்சு, பொறகு தான் எபொக்சி பட்டி. காயுறதுக்கே வாரக்கணக்கு வேணும். தேயிலை பெக்டரியில கொழுந்து வாடவே மாடத்துல காத்து ஊதுறாங்க, உங்க போட் மட்டும் தென்மேற்கு மழையில படங்குக்கு கீழ சும்மா கெடந்து காயுமா? பெப்ரவரி, மார்ச்சுக்கு லீவ மாத்துங்க. எபொக்சி போட்டா அடுத்த நாள் கைய வச்சு தடவிப் பாருங்க, நம்ம ஈரக் குளிருக்கு மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு மேல படியும். தண்ணி போட்டு தேச்சு கழுவாம அதுக்கு மேல பெயின்ட் அடிச்சா தோல் தோலா உரியும்.

கேள்வி (தலவாக்கலை): ப்ளைவூட் வெலை தாங்கல. அல்பீசியா பலகை சும்மா கெடக்கு, போடலாமா?

பதில்: கோழிக்கூடு கட்டுங்க.

கேள்வி (காசல்ரீ): சித்தப்பா நீர்கொழும்புல ஓட்டுன 25 குதிரைவலு மோட்டர இங்க கொண்டு வந்தேன். அங்க பறந்துச்சாம். இங்க மூச்சு வாங்குது, புகையா வருது. கார்புரேட்டர் ரெண்டு தடவ கழட்டி கழுவிட்டேன்.

பதில்: மூச்சு வாங்குறது நெசம் தான், காத்து அங்க அளவுக்கு இங்க இல்ல. 100 மீட்டர் ஒசரத்துக்கு ஏறத்தாழ 1 வீதம் பலம் போகும்னு வச்சுக்கோங்க, காசல்ரீ கிட்டத்தட்ட 1,100 மீட்டர்ல இருக்கு, அப்ப உங்க 25 இங்க 22 மாதிரி தான் இழுக்கும். கிரகரி வாவிக்கு கொண்டு போனா இன்னும் கொறையும், நுவரெலியா 1,868 மீட்டர். கடல்மட்டத்துக்கு வச்ச ஜெட் (கார்புரேட்டர்ல பெற்றோல் வர்ற சின்ன ஓட்டை) இங்க பெற்றோல கூடுதலா குடுக்கும், காத்து கொறைவு பெற்றோல் அதிகம், புகை வராம என்ன செய்யும். மெயின் ஜெட்ட ஒரு அளவு சின்னதா மாத்துங்க. ப்ரொபெல்லரையும் பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னுக்கு தள்ளுற தூரம்) ஒரு இஞ்சி, ரெண்டு இஞ்சி கொறைஞ்சதா தேடுங்க, சைக்கிள்ல கண்டி ரோட்டு ஏத்தத்துக்கு கியர் மாத்துற மாதிரி தான் அது.

ஆனா எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கு. என்ன ஒயில் ஊத்துறீங்கன்னு எழுதல. த்ரீவீலுக்கு ஊத்துற டூ-டீ ஒயில தான் ஊத்துறீங்கன்னா இன்னைக்கே நிறுத்துங்க. அது காத்தால ஆறுற எஞ்சினுக்கு செஞ்சது, தண்ணியால ஆறுற போட் மோட்டருக்கு டீசி-டபிள்யூ-3ன்னு போத்தல்ல எழுதியிருக்கிற ஒயில் தான் வேணும், இல்லாட்டி ப்ளக்குலயும் ரிங்குலயும் கரி புடிக்கும். பெற்றோலோட ஒயில் கலக்குற அளவு 50க்கு 1னா 5 லீட்டர் பெற்றோலுக்கு 100 மில்லிலீட்டர். ரொம்ப பழைய மோட்டர்னா 25க்கு 1 கேக்கும், மூடியிலயோ தகட்டுலயோ எழுதியிருக்கும் பாருங்க. கியர் ஒயிலையும் ஒரு தடவ எறக்கிப் பாருங்க, பால் தேத்தண்ணி நெறத்துல வந்தா சீல் போய் தண்ணி உள்ளுக்கு வருதுன்னு அர்த்தம். இன்னொன்னு, வீட்டுல ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறதுன்னா பீப்பாயில தண்ணி நெரப்பி அதுக்குள்ள எறக்கிட்டு பண்ணுங்க. தண்ணி இல்லாம ஒரு நிமிஷம் ஓடுனாலே உள்ள தண்ணி இழுக்கிற ரப்பர் இம்பெல்லர் பொசுங்கிரும்.

போட்ட நீர்த்தேக்கத்துல எறக்குறதுக்கு முந்தி அனுமதி கேட்டுட்டு எறக்குங்க, அது கரண்ட் எடுக்கிற தண்ணி. உயிர்காப்பு ஜெக்கட் எத்தன பேரோ அத்தனையும் வேணும், மலைத் தண்ணி குளிருக்கு நல்லா நீந்துறவனுக்கே கை கால் மரத்துப் போகும்.

கேள்வி (ஹட்டன், பேர் வேணாம்னு ஒரு சகோதரி): எங்க வீட்டுக்காரர் எட்டு மாசமா வாசல்ல ஒரு போட்ட வச்சு தேய்க்கிறாரு. மூணு மாசத்துல முடியும்னாரு. வீடு முழுக்க வெள்ளத்தூள், புள்ளைங்க ரெண்டும் ராத்திரியெல்லாம் சொறியுதுங்க. அவர் மூக்குல துணிய கட்டிக்கிட்டு வேலை செய்யிறாரு. அந்த போட் எப்பவாவது ஓடுமா, நீங்களாவது சொல்லுங்க.

பதில்: ஓடுமான்னு போட்ட பாக்காம சொல்ல ஏலாது தங்கச்சி. ஆனா மூணு மாசம்னு சொன்ன ஒருத்தரும் மூணு மாசத்துல முடிச்சு நான் பாத்ததில்ல, நான் சொன்னது ஆறு மாசம், எடுத்தது ரெண்டு வருஷம்.

சொறியிறது கண்ணாடித் தூள், அதுல வெளையாட்டு வேணாம். அவர வாசல்ல தேய்க்க விடாதீங்க, வீட்டுக்கு தள்ளி, காத்து வீட்டுப் பக்கம் அடிக்காத எடத்துல பொலித்தீன் கட்டி அதுக்குள்ள தேய்க்க சொல்லுங்க. தேய்க்கிற எடத்துல தண்ணி தெளிச்சு வெட் சேண்ட்பேப்பர் போட்டா தூள் பறக்காது, அந்த காலத்து பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், புள்ளைங்க இருக்கிற வீட்டுல அத காய வச்சு தேய்க்கவே கூடாது. கரண்ட் க்ரைண்டர்ல மட்டும் தண்ணி தெளிச்சிறாதீங்க. வேலை முடிஞ்சு வந்தா மொதல்ல பச்சத் தண்ணியில தேய்க்காம ஊத்தி குளிக்கணும், சுடுதண்ணி ஊத்துனா தோல் விரிஞ்சு இன்னும் உள்ளுக்கு போகும்னு போட் செய்யிற ஆளுங்க சொல்லுவாங்க. அவர் உடுப்ப உங்க துணியோட ஒரே வாளியில போடாதீங்க, புள்ளைங்க சொறியிறதுக்கு அது தான் காரணமா இருக்கும்.

துணி கட்டுறது சும்மா மனசுக்கு. ரெசின் பூசுறப்ப வர்ற மணத்துக்கு கரி பில்டர் போட்ட மாஸ்க் வேணும், தூளுக்கும் நல்ல மாஸ்க் வேணும். அத வாங்கித் தராம அடுத்த டின் ரெசின் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லிப் பாருங்க, அடுத்த நாளே வாங்கிட்டு வருவாரு. ஹார்ட்னர் கலந்த மிச்ச ரெசின் இருக்கிற டின்ன குப்பைக் கூடையில போட விடாதீங்க, அது தானா சூடாகி புகையும், வெளிய மண்ணுல வச்சு ஆறவிட்டு பொறகு எறியணும்.

எட்டு மாசத்துல எந்த எடத்துல நிக்கிறாருன்னு அடுத்த கடிதாசில எழுதுங்க. பின்பலகை மாத்தியாச்சா இல்ல இன்னும் வெளிய தான் பளபளன்னு தேச்சுக்கிட்டு இருக்காரான்னு மட்டும் பாத்து சொல்லுங்க போதும், மிச்சத்த நான் சொல்லுறேன்.