காசு முடிந்து வைத்த வேண்டுதல் பலித்துவிட்டது. எந்த முடிச்சு எந்தச் சாமிக்கு என்று மறந்துபோனால் என்ன செய்வது?

சாமி படத்துக்குப் பின்னால் மூன்று மஞ்சள் முடிச்சு, மகளுக்கு வரன் கூடிவிட்டது, எது எதற்கு என்று முடிந்த அம்மாவுக்கே நினைவில்லை என்கிறீர்கள். பல வீடுகளில் நடப்பதுதான். தெய்வக் குத்தம் ஆகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். நேர்ந்தவரே உயிரோடு இல்லாவிட்டாலும் பிள்ளைகள் செலுத்தலாம்.

விளக்கேற்றி, அம்மா கையாலேயே ஒவ்வொன்றாக அவிழ்க்கச் சொல்லுங்கள். காசை ஒன்றோடொன்று கலக்க வேண்டாம். நாணயத்தில் அடித்த வருஷத்தைப் பாருங்கள். 2019 என்று இருந்தால் அந்த வேண்டுதல் 2019-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த வருஷம் முதல் வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தது என்று அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால், பாதி தானாக நினைவுக்கு வரும்.

உள்ளே பழைய ஐந்நூறு, ஆயிரம் தாள் இருந்தால் அது 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவோடு செல்லாமல் போனது. அதை உண்டியலில் போட்டுக் கணக்கை முடிக்காதீர்கள். நேர்ந்தது அந்தத் தொகையை. அதே தொகையை இன்றைய பணமாகச் செலுத்துங்கள்.

அப்படியும் தெரியாவிட்டால் பூப்போட்டுக் கேளுங்கள். ஒரே அளவில் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வெளியே தெரியாத தாளில், ஒரே மாதிரி மடித்துக் கட்டி, குலதெய்வத்தின் முன் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். காங்கேயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் வந்த பொருளை உத்தரவுப் பெட்டியில் (எல்லோரும் பார்க்க வைக்கும் கண்ணாடிப் பெட்டி) வைப்பதற்கு முன் இப்படிப் பூக் கேட்டுத்தான் உறுதி செய்கிறார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, அதாவது சாமியின் சம்மதம்.

தப்பு நடப்பது கேள்வியில்தான். “இது பழனிக்கா, சமயபுரத்துக்கா?” என்று கேட்டால் எந்தப் பூ வந்தாலும் குழப்பமே. “இந்த முடிச்சு சமயபுரத்தாளுக்குத்தானே?” என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். எந்தப் பூ சம்மதம் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போடுங்கள். பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்பப் போடுவது கேட்பது ஆகாது. ஒரு முடிச்சுக்கு ஒரு தரம் போதும்.

செலுத்தும்போது முதலில் குலதெய்வத்துக்கு ஒரு படையலாவது போட்டுவிட்டு மற்ற கோயிலுக்குப் போவது வழக்கம். முடி இறக்குவதாகவோ அலகு குத்துவதாகவோ நேர்ந்து, இப்போது உடம்பு ஒத்துழைக்காவிட்டால் அந்தக் கோயில் பூசாரியிடம் சொல்லி மாற்று கேளுங்கள். பிள்ளை மேல் ஏற்றி நேர்ந்ததை அந்தப் பிள்ளையைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

இனி காசு முடிந்து வைக்கும்போது: கைக்குட்டை அளவு வெள்ளைப் பருத்தித் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே காசு வையுங்கள். ஈரத்தோடு கட்டினால் நாணயம் கறுக்கும், துணியில் பூஞ்சை பிடிக்கும். ரூபாய்த் தாள் வைக்காதீர்கள், பூச்சி அரிக்கும். ஒரு ரூபாயோ பதினொரு ரூபாயோ நாணயங்களாக வைத்தாலே போதும். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் நாலு விஷயம், பென்சிலால்: யாருக்காக, என்ன வேண்டுதல், எந்தச் சாமி, என்ன தேதி. பேனா மை ஈரம் பட்டால் கலைந்துவிடும்.