சும்மா கிடக்கிற கண்டம்

கேள்வி: துவாலு, கிரிபாட்டி போன்ற பசிபிக் தீவுகள் கடலில் மூழ்கப்போகின்றன என்று கூட்டத்துக்குக் கூட்டம் அழுகிறார்கள். பக்கத்திலேயே ஆஸ்திரேலியா என்று ஒரு கண்டமே சும்மா கிடக்கிறது. எல்லோரையும் கொண்டுபோய் அங்கே குடிவைத்துவிட்டால் வேலை முடிந்ததே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கண்டத்தை விடுங்கள். உங்கள் ஊரில் சும்மா கிடக்கிற ஒரு சென்ட் இடத்தில் போய் ஒரு மூங்கில் கழியை நட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் மூன்று பேர் வந்து நிற்பார்கள். ஒருவர் கையில் பட்டா, இன்னொருவர் கையில் வில்லங்கச் சான்று, மூன்றாமவர் கையில் ஒன்றும் இருக்காது, குரல் மட்டும் இருக்கும். பெரும்பாலும் ஜெயிப்பவர் அந்த மூன்றாமவர்தான். சாயங்காலம் நீங்கள் கழியைப் பிடுங்கப் போனால் அங்கே ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருப்பார், அவருக்கு ஒரு உண்டியலும் வந்திருக்கும்.

இந்தச் 'சும்மா கிடக்கிறது' வியாதியைப் பரப்புவது பள்ளிக்கூட அட்லஸ். அதனோடு இந்தக் கேள்வி-பதில் பக்கத்துக்குச் சண்டை பழையது. ஆள் குறைந்த இடத்துக்கெல்லாம் வெளிர் மஞ்சள் அடித்துவிடுகிறார்கள். பார்க்கிறவனுக்கு உடனே யாரையாவது அங்கே குடியேற்றத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில் சதுர கிலோமீட்டருக்கு மூன்று சொச்சம் பேர் என்பது உண்மைதான். அந்த மூவரில் இரண்டரை பேர் கடலோரத்தில் இருக்கிறார்கள். நடுவில் கிடப்பதில் பெரும்பகுதி ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழைகூடப் பார்க்காத செம்மண். மீன் பிடித்தும் தென்னையில் கள் இறக்கியும் வாழ்ந்தவனை அங்கே இறக்கிவிட்டு, 'எவ்வளவு இடம் பார்த்தாயா!' என்று சொல்லலாம்.

யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றுதான் 1788-ல் பிரிட்டிஷ்காரர்களும் அங்கே இறங்கினார்கள். அது பொய் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1992-ல்: இருநூற்று நான்கு ஆண்டு வாய்தா. வழக்குப் போட்டவர் எடி மாபோ, டோரஸ் நீரிணையில் உள்ள ஒரு குட்டித் தீவுக்காரர். தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

'பக்கத்திலேயே' என்றும் எழுதியிருக்கிறீர்கள். துவாலுவிலிருந்து பிரிஸ்பேன் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். போகட்டும்.

நீங்கள் சொல்லும் பரிசோதனை புதிதல்ல. கில்பர்ட் தீவுகளில் (இன்றைய கிரிபாட்டி) ஜனம் பெருகிவிட்டது என்று 1938 முதல் ஹாரி மாட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஆட்களை பீனிக்ஸ் தீவுகளுக்கு அனுப்பினார். மன்ரா, ஒரோனா, நிக்குமரோரோ: மூன்றும் அசல் வெளிர் மஞ்சள். ஏன் அங்கே முன்பே யாரும் இல்லை என்ற கேள்விக்கு மழை பதில் சொன்னது. பவளத் தீவில் ஆறு கிடையாது. பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும். கிணறு என்பது அந்தப் படலத்தில் போட்ட துளை. இரண்டு வருஷம் மழை பொய்த்தாலோ, ஆசைப்பட்டு அதிகம் இறைத்தாலோ, அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். அப்புறம் தென்னையே வாடும்.

சரி, மழையைக் கூரையில் பிடிக்கலாமே? 50 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர். எச்சமும் தூசியும் கழிய முதல் தண்ணீரைத் தள்ளிவிட்டு, சிந்தியது போக, 400 நிற்கும். ஆளுக்கு 15 லிட்டர் என்று ஆறு பேர் செலவழித்தால் நாலரை நாள். அதுவும் தகரமாக இருந்தால். தாழை ஓலைக் கூரையில் வழிவது பழுப்புத் தண்ணீர். வறட்சி தாங்காமல் 1963-ஓடு பீனிக்ஸ் கடை மூடப்பட்டது.

அந்த மக்களை அடுத்து எங்கே கொண்டுபோனார்கள்? சாலமன் தீவுகளுக்கு, கீஸோவுக்கும் வாகினாவுக்கும். தண்ணீர் உண்டு, காடு உண்டு, ஆள் குறைவு. 2007 ஏப்ரல் 2 காலையில் அங்கே 8.1 அளவில் பூமி குலுங்கியது. கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பது மண்ணின் மக்களுக்குத் தாத்தா சொல்லிக் கொடுத்த பாடம். கில்பர்ட்காரர்களின் தாத்தாக்கள் நிலநடுக்கமே அறியாத தீவில் வாழ்ந்தவர்கள். கடல் வற்றியதும் வேடிக்கை பார்க்க இறங்கியவர்கள் உண்டு. செத்த 52 பேரில் கில்பர்ட் வம்சாவளியினர் அவர்கள் ஜனத்தொகைக்குப் பொருந்தாத அளவு அதிகம். நிலம் கொடுத்தவர்கள் அந்த நிலத்தின் குணத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதைவிடக் கொடுமை பனாபா. இன்றைய கிரிபாட்டியைச் சேர்ந்த ஆறு சதுர கிலோமீட்டர் தீவு. அங்கே குடிதண்ணீர் பாறைக் குகைகளில் ஊறும். அதற்குள் இறங்கிச் சிரட்டையால் மொண்டு வரும் உரிமை பெண்களுக்கு மட்டும். 1900-ல் அங்கே உரத்துக்கான பாஸ்பேட் தாதுவைக் கண்டுபிடித்த கம்பெனி ஆண்டுக்கு 50 பவுண்டு வீதம் 999 வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அரசுகள் கூட்டாக 1979 வரை தோண்டின. வாசகரே, உங்கள் யோசனை ஒரு வகையில் நிறைவேறிவிட்டது: பனாபாவின் மேல்மண் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் குடியேறியாயிற்று, கோதுமை வயலில் சூப்பர் பாஸ்பேட்டாக. மனிதர்களை மட்டும் ஃபிஜிக்கு அனுப்பினார்கள்.

1942-ல் ஃபிஜியின் ரம்பி தீவை லீவர் கம்பெனியிடமிருந்து 25,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். பணம் பனாபா மக்களின் சொந்த பாஸ்பேட் நிதி. அதே ஆண்டு ஜப்பானியர்கள் பனாபாவைப் பிடித்து, மக்களைப் பல தீவுகளுக்குச் சிதறடித்தார்கள். போர் முடிந்து மிஞ்சியவர்களைத் திரட்டி, ஊர் இடிந்து கிடக்கிறது, திரும்ப முடியாது என்று சொல்லி, 1945 டிசம்பர் 15 அன்று சுமார் ஆயிரம் பேரை ரம்பியில் இறக்கினார்கள். அவர்களில் 703 பேர் பனாபாக்காரர்கள். கப்பலேறும் முன் மாடி வீடுகளின் படத்தைக் காட்டினார்கள் என்று பனாபாக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். இறங்கியபோது இருந்தவை ராணுவக் கூடாரங்கள், இரண்டு மாத ரேஷன், சரியான புயல் பருவம். 'பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று நம்பி மனை வாங்கியவர்களுக்கு இந்த அனுபவத்தை விளக்க வேண்டியதில்லை. குளிரும் ஈரமும் பழகாமல் முதியவர்கள் பலர் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த ரம்பியும் சும்மா கிடந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டில் அதன் பூர்வகுடிகள் போரில் தோற்று, பக்கத்துத் தீவான தவெயுனிக்குத் துரத்தப்பட்டிருந்தார்கள். அவர்கள் வாரிசுகள் இன்னும் தீவைக் கேட்கிறார்கள். பாஸ்பேட் தோண்டியதற்காகப் பிரிட்டிஷ் அரசின்மேல் பனாபா மக்கள் தொடுத்த வழக்கு லண்டனில் 206 நாள் நடந்தது, 1976 இறுதியில் தீர்ப்பு வந்தது. நீதிபதி பனாபாவுக்கே நேரில் போய்ப் பார்த்தார். பிரிட்டிஷ் அரசு நல்லபடி நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, சட்டப்படி தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். தீர்ப்பு எழுதும் கலையில் அது ஒரு தனி ரகம்.

ஓரளவு உருப்பட்டது ரம்பிக்குப் பக்கத்திலேயே உள்ள கியோவா தீவு. துவாலுவின் வைத்துப்பு தீவுக்காரர்கள், போர்க்காலத்தில் அமெரிக்கப் படையிடம் கூலி வேலை செய்த காசில், 1946-ல் 3,000 பவுண்டுக்கு வாங்கியது. அழிவு வந்து வாங்கியதல்ல, வருமுன் வாங்கியது. யாரும் தள்ளவில்லை. அடுத்த ஆண்டு 37 பேர் போனார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்கள். பாதிக் குடும்பம் இங்கே, பாதி அங்கே. பிடிக்காதவர்கள் திரும்பிப் போக ஊர் இருந்தது. அவர்களுக்கும் ஃபிஜியின் முழுக் குடியுரிமை கிடைக்க 2005 வரை ஆயிற்று.

ரம்பி, கியோவா இரண்டும் தனியார் கிரய நிலம் என்பதைக் கவனியுங்கள். ஃபிஜியில் நிலத்தில் 87 சதவீதம் மண்ணின் மக்களின் குலச் சொத்து, விற்க முடியாது. குத்தகை மட்டும். கரும்புக் கூலிகளாகப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குத்தகையின் அருமை தெரியும். 30 ஆண்டு முடிந்து 1997 முதல் பத்திரங்கள் காலாவதியாகத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கானவர்கள் வெட்டிய கரும்போடு வீட்டையும் விட்டு வெளியேறினார்கள். இன்னொரு பொறி: நிலத்தை வாங்கினால் எதிரே உள்ள கடலும் வந்துவிடாது. கரையோர மீன்பிடி உரிமை தனிப் பதிவு, அதுவும் குலங்களிடம். மீனவனைக் குடியேற்றுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய காகிதம் அது, கடைசியில் பார்ப்பதும் அதுவே.

2014-ல் கிரிபாட்டி அதிபர் அனோட்டே டோங், ஃபிஜியின் வனுவா லெவு தீவில் ஒரு கிறிஸ்தவ சபையிடமிருந்து சுமார் 5,500 ஏக்கர் வாங்கினார். விலை சுமார் 90 லட்சம் டாலர். பெரும்பகுதி செங்குத்தான காட்டு மலை. சமதளமாக இருந்த இடத்தில், தோட்ட வேலைக்குப் பிடித்துவரப்பட்ட சாலமன் தீவுக்காரர்களின் சந்ததியினர் ஏற்கனவே ஊர் கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பிள்ளையார் அங்கேயும் முந்திக்கொண்டார். 2016-ல் வந்த அடுத்த அதிபர், யாரும் எங்கேயும் போகப்போவதில்லை என்று குடியேற்றப் பேச்சை மூடிவிட்டார்.

ஆஸ்திரேலியாவே ஒருமுறை தீவு கொடுக்க முன்வந்தது. பாஸ்பேட்டுக்காகக் குடைந்து தீர்க்கப்பட்ட நவுரு மக்களுக்கு, 1960-களில், குயின்ஸ்லாந்து ஓரத்தில் கர்ட்டிஸ் தீவு. ஆஸ்திரேலியக் குடிமக்களாகலாம், உள்ளூர் நிர்வாகம் மாதிரி ஒன்றை நடத்திக்கொள்ளலாம். பஞ்சாயத்து போர்டு தலைவராக ஆவதற்கு நாங்கள் ஒரு நாட்டை இழக்கத் தயாரில்லை என்ற நிலையில் நின்று நவுரு மறுத்தது, 1968-ல் சுதந்திரமும் வாங்கியது. கர்ட்டிஸ் தீவும் சும்மா இல்லை, இப்போது அங்கே மூன்று திரவ எரிவாயு ஆலைகள் ஓடுகின்றன. கடல் மட்டம் உயர அவையும் தம்மால் ஆனதைச் செய்கின்றன.

இப்போது நடப்பது 2023-ல் கையெழுத்தான துவாலு–ஆஸ்திரேலியா ஒப்பந்தம். ஆண்டுக்கு 280 பேருக்கு நிரந்தரக் குடியிருப்பு, ஆளைத் தேர்ந்தெடுப்பது குலுக்கலில், மனுவுக்கு 25 ஆஸ்திரேலிய டாலர். தமிழ்நாட்டில் 2003-ல் தடை செய்த லாட்டரியை இப்படியும் நடத்தலாம். இருப்பதோ சுமார் 11,000 பேர். 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தோடு சேர்த்து எட்டாயிரத்துக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். புதிதாக ஒரு குழந்தைகூடப் பிறக்காவிட்டாலும் எல்லோரும் போய்ச் சேர 39 வருஷம். ஆனால் நல்ல அம்சங்கள் இரண்டு உண்டு: போனவர்கள் விரும்பியபோது ஊருக்கு வந்து போகலாம், நிலம் மூழ்கினாலும் துவாலு என்ற நாடு நாடாகவே மதிக்கப்படும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பதிலுக்கு துவாலுவும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறது. பாதுகாப்பு, போலீஸ், எல்லைக் காவல், துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்சாரம் ஆகியவற்றில் வேறு எந்த நாட்டோடு பாதுகாப்புக் கூட்டு வைப்பதானாலும் முதலில் ஆஸ்திரேலியா சம்மதிக்க வேண்டும். சீனா என்ற பெயர் எங்கும் இல்லை. துவாலுவுக்கு ராணுவமும் இல்லை.