கொப்பி மட்டையில் இருந்த பெயர்

அன்புள்ள ரீச்சர்,

நான் களுவாஞ்சிகுடி. ஒரு அறிவியல் புனைகதை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வீட்டு வேலைக்கு வாங்கிய ரோபோ ஒன்று, தன்னைக் கழற்றி விற்கக்கூடாது என்று நீதிமன்றம் போகிறது. வாசித்த நண்பர்கள், "அது வெறும் இயந்திரம், வலிக்காது, வலிக்காததுக்கு என்ன சட்ட உரிமை?" என்கிறார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. அசிமோவின் மூன்று விதிகளே போதாதா? சவூதி அரேபியா சோபியா என்ற ரோபோவுக்குக் குடியுரிமை கொடுத்ததைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? கதையில் தீர்ப்பை எப்படி வைக்கலாம்?

அன்புள்ள தம்பி,

போன கிழமை பேத்தியின் கொப்பிகளுக்கு மட்டை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். நாலாவது கொப்பியில் பேனை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

மூன்று விதிகளை விடுங்கள். 1942இல் ஒரு சிறுகதைக்காக அசிமோவ் எழுதியவை அவை. மனிதருக்குத் தீங்கு செய்யாதே, சொன்னதைக் கேள், இந்த இரண்டுக்கும் இடைஞ்சல் இல்லாவிட்டால் உன்னையும் காப்பாற்றிக்கொள். வேலைக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்திச் சொல்கிற கட்டளை. அதற்குள் உரிமை எங்கே இருக்கிறது? சோபியாவின் குடியுரிமை 2017 அக்டோபரில் ரியாத்தில் ஒரு முதலீட்டு மாநாட்டு மேடையில் அறிவித்தது. விளம்பரம், வேறொன்றுமில்லை. அதே நாட்டுக்கு நம் ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் இருந்து போய், கடவுச்சீட்டை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் குசினியில் நிற்கிற பெண்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வலி விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உங்கள் மேல் கோபம். வலிக்குமா என்று சட்டம் எப்போது கேட்டது, தம்பி? கம்பனிக்கு வலிக்குமா? அது தன் பெயரில் காணி வாங்குகிறது, வழக்குப் போடுகிறது. 1925இல் கல்கத்தாக் குடும்பமொன்றின் வழக்கு, அப்போது கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. குலதெய்வ விக்கிரகத்தை எங்கே வைத்துப் பூசை செய்வது என்று பங்காளிகளுக்குள் தகராறு. விக்கிரகம் சட்டத்தின் முன் ஓர் ஆள், அதன் விருப்பத்தையும் மதிக்க வேண்டும், அதன் சார்பில் பேசுவதற்கு இதில் சொந்த நலன் இல்லாத ஒருவரை நியமியுங்கள் என்றார்கள் நீதிபதிகள். வாய் திறக்காத சாமிக்குப் பேச ஆள் வைத்த சட்டம் அது.

இந்தப் பக்கம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம். உன் தகப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, பத்திரம் எங்கே என்று கேட்டது. இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்கள் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அட்டை கடித்த காலோடு மலையேறிக் கொழுந்து பறித்தவர்களுக்கு வலிக்கவில்லையா? மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைக்க 2003இல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து வருடம்.

1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து எங்கள் பக்கம் வந்த குடும்பமொன்றின் பிள்ளை எங்கள் வீட்டில் நின்றாள். "வீட்டுக்கு நிற்கிற புள்ள" என்போம். எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினொன்று இருக்கும். குசினிக்குப் பின்னால் ஆணியில் அவளுடைய தகரக் கோப்பை தொங்கும். விளிம்பில் நீல வர்ணம் உரிந்து கறுத்த கோப்பை. அதை வேறு யாரும் தொடமாட்டோம். ஒருநாள் விதானையார் வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். அப்பா "அஞ்சு" என்றார். ஆறாவது ஆள்தான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு அது கணக்கிலேயே வரவில்லை.

பின்னேரங்களில் நான் பாடம் எழுதும்போது பக்கத்தில் குந்தியிருப்பாள். ஒருநாள் முற்றத்து மணலில் ஈர்க்குச்சியால் என் பெயரை எழுதிக் காட்டினாள். ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. என் கொப்பி மட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறாள். உன் பெயரை எழுது என்றேன். தெரியாது என்றாள். அவள் பெயர் எங்கேயும் எழுதி அவள் கண்டதில்லை. "எம்பேரு எப்புடி எழுதுறது பாப்பா?" என்று கேட்டாள். அந்தப் பெயரில் எனக்கு இன்னும் படிப்பிக்காத எழுத்து ஒன்று இருந்தது. நாளைக்கு ரீச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கவில்லை. மறந்துபோனேன். அடுத்த வருடம் அவளுடைய மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார். பிறகு முப்பது வருடம் நான் ஊர்ப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி படிப்பித்தேன், தம்பி. ஒவ்வொரு வருடமும் அந்த எழுத்து வரும்.

ரோபோ என்ற சொல்லே 1920இல் காரெல் சாப்பெக் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. செக் மொழியில் ரொபோட்டா என்றால் பண்ணையில் கூலியில்லாமல் செய்யவேண்டிய கட்டாய வேலை. ஒல்லாந்தர் காலத்தில் நம் ஆட்களிடம் வாங்கிய ஊழியம் போல. அந்தச் சொல்லைக் கதையில் வைத்துக்கொண்டு "வெறும் இயந்திரம்" என்று எப்படி எழுத மனம் வந்தது? அந்த "வெறும்" என்பதை முதலில் வெட்டுங்கள். எங்கள் வீட்டில் நின்றவள் இயந்திரம் என்று நான் சொல்லவில்லை, உங்கள் இயந்திரம் மனிசர் என்றும் சொல்லவில்லை. யாருக்குப் பேச ஆள் உண்டு, யாருக்கு இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். உங்கள் கதையில் ரோபோவுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. சட்டத்தரணிகூட அதை வாங்கிய வீட்டுக்காரர் பிடித்துக் கொடுத்தவர். அவர் எப்படி அதற்காகப் பேசுவார்?

தீர்ப்பை நான் சொல்லமாட்டேன். அது உங்கள் வேலை. நீதிமன்றக் காட்சி நன்றாக வந்திருக்கிறது, அதைத் தொடாதீர்கள். ஆனால் பதினெட்டுப் பக்கமும் "அது", "அது" என்றே போகிறது. நீதிமன்ற மொழிபெயர்ப்பு முதலியார் கூண்டில் நிற்பவரிடம் பெயரைக் கேட்பார் அல்லவா? அந்த இடத்தை நீங்கள் எழுதவேயில்லை. எழுதி அனுப்புங்கள், வாசிக்கிறேன்.

அன்புடன்,
ரீச்சர்